எத்திக்ஸ் லெட்டர் மட்டும்தான் பாக்கியா? மருத்துவ ஆய்விதழுக்கு எழுத நினைப்பவருக்கு ஓர் அறிமுகம்

போன மாதம் காரைக்குடியில் என் வீட்டுக்கு ஒரு தம்பி வந்தார். தெரிந்தவர் மகன், ஹவுஸ் சர்ஜனாக இருக்கிறார். தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லைச் செய்கிற பட்டறைகளில் வேலை பார்ப்பவர்களுக்குக் கையில் வரும் தோல் நோயைப் பற்றி ஓர் ஆய்வு செய்து, கட்டுரையும் எழுதி முடித்திருந்தார். எந்த ஜர்னலுக்கு அனுப்பலாம் என்பதுதான் அவர் கேள்வி. படித்துப் பார்த்தேன், நன்றாகவே இருந்தது. "எத்திக்ஸ் கமிட்டி அனுமதி எண் எங்கே தம்பி?" என்றேன். மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுக்கு அனுமதி தருகிற நெறிமுறைக் குழு அது.

"அது மட்டும்தான் சார் பாக்கி. லெட்டர் வாங்கிக்கலாம்ல?"

வீட்டைக் கட்டிப் பால் காய்ச்சிக் குடியும் போய்விட்டு, இனிமேல் மனையைப் பத்திரம் பண்ணிக்கொள்ளலாமா என்று கேட்ட மாதிரி இருந்தது எனக்கு. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. மருத்துவக் கல்லூரிகளில் பலருக்கும் இதே எண்ணம்தான்: முதலில் ஆய்வு, அப்புறம் கட்டுரை, கடைசியில் எத்திக்ஸ் என்று ஒரு முத்திரை. உண்மையில் வரிசை தலைகீழ். அது ஏன் என்று புரிந்துவிட்டால், ஜர்னல்கள் கேட்கிற அத்தனை படிவங்களும் தானாகவே புரிந்துவிடும்.

அடிப்படையிலிருந்து வருவோம். கையில் வெடிப்போடு ஒருவர் வருகிறார். மருத்துவர் பார்த்து மருந்து எழுதுகிறார். அங்கே நடப்பதெல்லாம் அந்த ஒருவரின் நன்மைக்காக. அதே மருத்துவர் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு பட்டறை பட்டறையாகப் போய், 60 பேரின் கைகளைப் பார்த்து, எத்தனை வருடம் சிமென்ட்டில் வேலை, கையுறை போடுவதுண்டா, அரிப்பு உண்டா என்று எழுதுகிறார் என்றால் கதை வேறு. அந்த 60 பேருக்கும் அதனால் எந்த லாபமும் இல்லாமல் போகலாம். லாபம் நாளைக்கு வேறு யாருக்கோ. மருத்துவரின் பெயருக்கு ஒரு கட்டுரை. ஆக, ஒருவருடைய உடம்பையும் நேரத்தையும் ரகசியத்தையும் பிறர் நன்மைக்காகக் கேட்கிறோம். கேட்டு வாங்க வேண்டும், எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆய்வு நெறிமுறை என்று தடித்தடியாக அச்சிட்டிருப்பதெல்லாம் இந்த இடத்திலிருந்து கிளைத்ததுதான்.

கேட்காமல் எடுத்துக்கொண்ட வரலாறு கொடுமையானது. நாஜி முகாம்களில் கைதிகள் மீது செய்த சோதனைகளுக்காக மருத்துவர்களை விசாரித்த வழக்கின் முடிவில், 1947இல் நியூரம்பெர்க் நெறிகள் வந்தன. அதன் முதல் வரியே மனிதரின் சுய விருப்பமான சம்மதத்தைப் பற்றியது. 1964இல் உலக மருத்துவச் சங்கம் ஹெல்சிங்கி பிரகடனத்தை வெளியிட்டது. அதைப் பலமுறை திருத்தியிருக்கிறார்கள், கடைசியாக 2024 அக்டோபரில். இந்தியாவில் நமக்குக் கையேடு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர் 2017இல் வெளியிட்ட தேசிய நெறிமுறை வழிகாட்டி. ஆய்வு செய்ய நினைக்கிறவர்கள் அதில் சம்மதம் பற்றிய பகுதியையாவது படித்துவிடுவது நல்லது.

இனி அந்தத் தம்பியின் ஆய்வையே உதாரணமாக வைத்துக்கொள்வோம். ஆத்தங்குடிக் கல் செய்வதை நேரில் பார்த்தவர்களுக்குத் தெரியும். கண்ணாடித் தட்டின் மேல் பூ அச்சை வைத்துச் சாயம் கலந்த சிமென்ட் குழம்பை ஊற்றி, மேலே மணலும் சிமென்ட்டும் போட்டு, கையாலேயே தட்டிச் சமப்படுத்துவார்கள். பெரும்பாலும் வெறுங்கைதான். ஈரச் சிமென்ட் காரத்தன்மை உள்ளது, தோலை அரிக்கும். அதிலுள்ள குரோமியம் சிலருக்கு ஒவ்வாமையை உண்டாக்கும். ஆக, கேள்வி நியாயமானது. நியாயமான கேள்வியாக இருப்பதும் ஒரு நெறிமுறைதான். பதில் ஏற்கெனவே தெளிவாகத் தெரிந்த கேள்விக்காக 60 பேரின் வேலை நேரத்தைக் கெடுப்பது சரியில்லை.

கேள்வி முடிவானதும் புரோட்டோகால் என்கிற ஆய்வுத் திட்டத்தை எழுத வேண்டும். யாரைச் சேர்ப்போம், எத்தனை பேர், அந்த எண்ணிக்கை எப்படி வந்தது, என்ன கேட்போம், பரிசோதனையில் ஏதேனும் கண்டுபிடித்தால் என்ன செய்வோம், தகவலை எங்கே பூட்டி வைப்போம். இதோடு சம்மதப் படிவத்தையும் சேர்த்து நிறுவனத்தின் நெறிமுறைக் குழுவிடம் கொடுக்க வேண்டும்.

அந்தக் குழுவை நம் ஆட்கள் ஏதோ உள்ளூர்க் கமிட்டி என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஐசிஎம்ஆர் வழிகாட்டிப்படி 7 முதல் 15 பேர் இருக்கலாம். கூட்டம் நடக்கக் குறைந்தது 5 பேர் வேண்டும். தலைவர் அந்த நிறுவனத்துக்கு வெளியே உள்ளவராக இருக்க வேண்டும். மருத்துவர்களோடு சட்டம் தெரிந்த ஒருவர், சமூகவியலாளர் அல்லது அதைப் போன்றவர், மருத்துவமே தெரியாத சாதாரண மனிதர் ஒருவர் என்று இருப்பார்கள். அந்தச் சாதாரண மனிதரைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். "இந்தப் படிவத்தை எங்க அம்மா படிச்சா ஒண்ணும் புரியாது டாக்டர்" என்று சொல்கிற தைரியம் அவருக்குத்தான் உண்டு.

எல்லா ஆய்வும் முழுக் கூட்டத்துக்குப் போக வேண்டியதில்லை. ஆபத்து மிகக் குறைவாக இருந்தால் விரைவுப் பரிசீலனை உண்டு, சிலவற்றுக்கு விலக்கே உண்டு. ஆனால் விலக்கு உண்டா இல்லையா என்று முடிவு செய்வது குழு, நாம் இல்லை. பழைய கேஸ் ஷீட்டுகளை மட்டும் புரட்டுகிற ஆய்வானாலும் குழுவிடம் போய், தனித்தனியாகச் சம்மதம் வாங்குவதிலிருந்து விலக்குக் கேட்டு வாங்க வேண்டும்.

அனுமதிக் கடிதத்தில் இருக்கும் தேதிக்குப் பிறகுதான் முதல் ஆளிடம் முதல் கேள்வி. இதில் எனக்கே சூடு பட்டிருக்கிறது. என் முதல் ஆய்வில், "கமிட்டி எப்படியும் குடுத்துரும், நீ ஆரம்பி" என்று மூத்தவர் ஒருவர் சொன்னதைக் கேட்டு, கடிதம் வருவதற்கு இரண்டு வாரம் முன்பே ஆரம்பித்துவிட்டேன். கட்டுரை அனுப்பியபோது ஜர்னலிலிருந்து கடிதத்தின் நகலைக் கேட்டார்கள். தேதியைப் பார்த்தார்கள். மூன்றே வரியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒன்றரை வருட உழைப்பு. முன்தேதி போட்டுக் கடிதம் வாங்கலாமா என்று ஒரு நொடி தோன்றத்தான் செய்தது. தோன்றியதை மறைக்க விரும்பவில்லை.

அனுமதி விஷயத்தில் பொய் எழுதினால் என்ன ஆகும் என்று பார்க்கலாம். 1998இல் லான்செட் என்ற பிரபல மருத்துவ இதழில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டும் அவர் குழுவும் 12 குழந்தைகளை வைத்து எழுதிய கட்டுரை, தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லாவுக்கான எம்எம்ஆர் தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் முடிச்சுப் போட்டது. உலகமே பயந்தது. 2010 பிப்ரவரியில் லான்செட் அதைத் திரும்பப் பெற்றது. அதற்கு அந்த இதழ் சொன்ன காரணங்களைக் கவனியுங்கள்: குழந்தைகள் பொறுக்கியெடுக்காமல் வரிசையாக மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டு வந்தவர்கள் என்று எழுதியது பொய், உள்ளூர் நெறிமுறைக் குழுவின் அனுமதி இருந்தது என்று எழுதியதும் பொய். நாம் முத்திரை என்று நினைக்கிற அதே ஒற்றை வரி.

சம்மதத்துக்கு வருவோம். செட்டிநாட்டில் இதை விளக்குவது எனக்குச் சுலபம். நகரத்தார் கல்யாணத்தில் இசைகுடிமானம் எழுதுவார்கள். இரு வீட்டாரும் இசைந்ததை எழுத்தில் வைத்துக் கையெழுத்துப் போடுகிற வழக்கம். அந்தச் சொல்லிலேயே இசைவு இருக்கிறது. ஆய்விலும் இசைவை எழுதி வாங்குகிறோம். ஒரு வித்தியாசம், கல்யாண இசைவில் பெரியவர்கள் கையெழுத்துப் போடலாம். ஆய்வில் யாருடைய கையோ அவர்தான் போட வேண்டும்.

தம்பி சறுக்கிய இன்னொரு இடம் இதுதான். பட்டறை முதலாளிகளிடம் கையெழுத்து வாங்கியிருந்தார். "அவங்கதான சார் பெர்மிஷன் குடுக்கணும்?" உள்ளே நுழைய அவர்கள் அனுமதி வேண்டும், சரி. ஆனால் அங்கே கல் போடுகிற பெண்ணின் கையைப் பார்க்க முதலாளி எப்படி இசைவு தருவார்? இது சின்னத் தவறு என்று தோன்றினால் ஒன்று சொல்கிறேன். 2009, 2010ஆம் ஆண்டுகளில் அப்போதைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் சிறுமிகளுக்கு கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்பிவி தடுப்பூசி போடும் ஆய்வு ஒன்று நடந்தது. கம்மத்தில் விடுதியில் தங்கிப் படித்த பழங்குடிச் சிறுமிகள் பலருக்குப் பெற்றோருக்குப் பதில் விடுதி வார்டன்களே படிவத்தில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். 2010 ஏப்ரலில் அந்த ஆய்வு நிறுத்தப்பட்டது. பிறகு நாடாளுமன்ற நிலைக்குழு அதைக் கடுமையாகக் கண்டித்தது. தடுப்பூசி நல்லதா கெட்டதா என்பது வேறு கேள்வி. அந்தச் சிறுமிகளின் வீட்டாரைக் கேட்கவில்லை என்பதுதான் இங்கே விஷயம்.

பட்டறையில் இன்னொரு சிக்கலும் உண்டு. முதலாளி பக்கத்தில் நிற்கும்போது "உங்களுக்கு விருப்பமா அக்கா?" என்று கேட்டால் யார் மாட்டேன் என்பார்கள்? முன்பணம் வாங்கியிருப்பார்கள், பிள்ளைக்கும் அங்கேயே வேலை கேட்டு வைத்திருப்பார்கள். அதனால் கேட்கிற இடமும் நேரமும் முக்கியம். வேலை முடிந்த பிறகு, அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்கலாம். மறுத்தால் முதலாளிக்குத் தெரியப்போவதில்லை என்பதையும், பாதியில் விலகினால் ஒன்றும் ஆகாது என்பதையும் சொல்ல வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு முழுவதையும் வாசித்துக் காட்டி, ஆய்வோடு சம்பந்தமில்லாத ஒரு சாட்சியின் முன்னால் கைரேகை வாங்கலாம். வயது 18க்குக் கீழே என்றால் பெற்றோரின் சம்மதமும் வேண்டும், பிள்ளையின் இசைவும் வேண்டும்.

தகவல் தாளின் தமிழ் பற்றி ஒரு வயிற்றெரிச்சல். "தாங்கள் இவ்வாய்வில் தன்னார்வமாகப் பங்கேற்பதன் வாயிலாக" என்று ஆரம்பிக்கும் படிவங்களை எத்தனையோ பார்த்துவிட்டேன். ஆங்கிலப் படிவத்தை யாரோ சொல்லுக்குச் சொல் மாற்றியது. தமிழில் எழுதிய பிறகு, ஆங்கில மூலத்தைப் பார்க்காத ஒருவரை விட்டு மறுபடி ஆங்கிலமாக்கிச் சரிபார்ப்பது வழக்கம். அது நல்லதுதான். அதைவிட நல்லது, தெருவில் ஒருவரிடம் வாசித்துக் காட்டுவது.

தம்பியின் ஆய்வு பார்த்து எழுதுவதோடு நிற்கிறது. நாளைக்கு அவரே பாதிப் பேருக்குக் கையுறை கொடுத்து, பாதிப் பேருக்குக் கொடுக்காமல் ஒப்பிட்டுப் பார்க்க நினைத்தால் அது சோதனை ஆய்வு. அப்போது சிடிஆர்ஐ என்கிற இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டில் பதிய வேண்டும். 2007இல் தொடங்கிய பதிவேடு இது. 2018 ஏப்ரல் 1 முதல், முதல் ஆளைச் சேர்க்கும் முன்பே பதிந்தால்தான் ஏற்றுக்கொள்கிறார்கள். ஏன் இவ்வளவு கெடுபிடி? முடிவைப் பார்த்துவிட்டு, நான் தேடியதே இதைத்தான் என்று கேள்வியை மாற்றிக்கொள்ளாமல் இருக்கத்தான். ஜர்னல் ஆசிரியர்களின் சர்வதேசக் குழுவான ஐசிஎம்ஜேஇ 2005லிருந்தே இதைக் கேட்டு வருகிறது.

தகவலைக் குறித்து வைப்பதைப் பற்றி இந்த ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. பர்மாவிலும் மலேயாவிலும் கடை வைத்தவர்களின் பேரேடு எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இருக்க வேண்டும். தவறாக எழுதினால் அழிக்கக் கூடாது. பழையது தெரியும்படி ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். யார் எப்போது வந்து கேட்டாலும் ஏட்டைக் காட்ட முடிய வேண்டும். 2020 மே 22இல் லான்செட்டில் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் என்ற மலேரியா மருந்தைக் கோவிட்டுக்குக் கொடுப்பது பற்றி ஒரு கட்டுரை வந்தது. 671 மருத்துவமனைகள், 96,032 கோவிட் நோயாளிகள் என்று பிரமாண்டமான கணக்கு. தரவைத் தனியாகத் தணிக்கை செய்ய வேண்டும் என்று கேட்டபோது, அதை வைத்திருந்த சர்ஜிஸ்பியர் நிறுவனம் தரவில்லை. ஜூன் 4ஆம் தேதி கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். ஏட்டைக் காட்டாத கணக்கை நம் அப்பச்சிமார்கள் ஒரு நாள்கூட நம்பியிருக்க மாட்டார்கள்.

அடையாளத்தை மறைப்பது இந்தப் பகுதியில் தனிக் கலை. பெயரை எடுத்துவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். "52 வயது ஆண், நகரத்தார் சமூகம், இரணியூர்க் கோயிலைச் சேர்ந்தவர், கண்டனூர், பினாங்கில் வியாபாரம்" என்று ஓர் அரிய நோயைப் பற்றி எழுதினால், காரைக்குடியில் யாரையாவது கேட்டாலே வீட்டு எண்ணைச் சொல்லிவிடுவார்கள். நகரத்தார் பிரிவுகள் ஒன்பது கோயில், எழுபது சொச்சம் ஊர், எல்லாரும் எல்லாருக்கும் ஏதோ ஒரு வகையில் சொந்தம். ஆய்வுக்குத் தேவையில்லாத விவரத்தை எழுதவே வேண்டாம். புகைப்படத்தில் கண்ணுக்குக் கறுப்புப் பட்டை போடுகிற பழைய பழக்கத்தை ஐசிஎம்ஜேஇ போதாது என்றே சொல்லிவிட்டது. அடையாளம் தெரிய வாய்ப்பிருந்தால், ஆய்வில் சேர்வதற்கான சம்மதம் தவிர, வெளியிடுவதற்கும் தனியாகச் சம்மதம் வாங்க வேண்டும்.

எழுதுவது பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. முன்னுரை, செய்முறை, முடிவுகள், விவாதம் என்ற நான்கு அறை வீடு அது. இந்த மாதிரிப் பார்த்து எழுதும் ஆய்வுக்கு ஸ்ட்ரோப், சோதனை ஆய்வுக்குக் கன்சார்ட், ஒற்றை நோயாளியைப் பற்றிய குறிப்புக்குக் கேர் என்று சரிபார்ப்புப் பட்டியல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. எழுதி முடித்த பிறகு அல்ல, ஆய்வைத் திட்டமிடும்போதே ஒரு முறை பார்த்துவிடுங்கள். பிறர் எழுதியதை எடுத்தால் சொந்த வார்த்தையில் எழுதி, யாருடையது என்று சொல்லிவிடுங்கள்.

பெயர் போடுவதில்தான் சண்டை வரும். நம் ஊர்க் கல்யாணப் பத்திரிகையில் யார் பெயர் விட்டுப்போனாலும் வருத்தம், அதனால் எல்லார் பெயரையும் போட்டுவிடுவோம். கட்டுரையில் அப்படிப் போட முடியாது. ஐசிஎம்ஜேஇ நான்கு நிபந்தனை வைத்திருக்கிறது: திட்டத்திலோ தரவைத் திரட்டி அலசுவதிலோ கணிசமான பங்கு, எழுதியதில் அல்லது ஆழமாகத் திருத்தியதில் பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், முழுக் கட்டுரைக்கும் பொறுப்பேற்கச் சம்மதம். நான்கும் இருந்தால்தான் கட்டுரையின் ஆசிரியர். துறைத் தலைவர் என்பதற்காகப் பெயர் போடுவது மரியாதை ஆகாது. நாளைக்குக் கட்டுரையில் கோளாறு என்றால் அவரும்தான் பதில் சொல்ல வேண்டும். மறுபக்கம், செட்டியார் கடையில் தொழில் பழகுகிற பெட்டியடிப் பையன் மாதிரி இரவு பகலாகக் கணக்கு எழுதிய இளையவரின் பெயர் காணாமல் போவதும் நடக்கிறது. அது அதைவிட மோசம். பட்டறைகளுக்குக் கூட்டிப்போய் அறிமுகம் செய்தவருக்கு நன்றிப் பகுதியில் இடம் உண்டு. செயற்கை நுண்ணறிவுச் செயலிகளுக்கு ஆசிரியர் பட்டியலில் இடமே கிடையாது. உதவிக்குப் பயன்படுத்தியிருந்தால் எங்கே, எதற்கு என்று எழுத வேண்டும்.

இதழைத் தேர்ந்தெடுக்கும்போது ஓர் எச்சரிக்கை. "மதிப்பிற்குரிய பேராசிரியரே" என்று முன்பின் தெரியாத இடத்திலிருந்து மின்னஞ்சல் வந்து, 72 மணி நேரத்தில் வெளியிடுகிறோம், இவ்வளவு பணம் என்று சொன்னால் தொடாதீர்கள். கட்டணம் வாங்குகிற இதழ் எல்லாம் மோசம் என்று சொல்லவில்லை. இலவசமாகப் படிக்கத் தருகிற நல்ல இதழ்கள் பலவும் எழுதியவரிடம் கட்டணம் வாங்குகின்றன. துறை தெரிந்தவர்கள் கட்டுரையைப் படித்துச் சோதிக்கிற மதிப்பாய்வில்தான் வித்தியாசம் இருக்கிறது. அந்த இதழ், மருத்துவ இதழ்களுக்கான மெட்லைன் பட்டியலிலோ, இலவசமாகப் படிக்கத் தருகிற இதழ்களுக்கான டிஓஏஜே பட்டியலிலோ இருக்கிறதா, ஆசிரியர் குழுவில் உள்ளவர்கள் நிஜமானவர்களா என்று பாருங்கள். உங்கள் பேராசிரியர் அதைப் படிக்கிறாரா என்றும் கேளுங்கள்.

அப்புறம், ஒரு சமயத்தில் ஓர் இதழுக்குத்தான் அனுப்ப வேண்டும். ஜாதகத்தைப் பத்து வீட்டுக்குக் கொடுத்து வைக்கலாம், கட்டுரையை அப்படிக் கொடுக்கக் கூடாது. அங்கே மறுத்த பிறகுதான் அடுத்த இடம்.

அனுப்பும்போது கட்டுரையோடு இதழின் ஆசிரியருக்கு ஒரு கடிதம், பெயர்கள் உள்ள தலைப்புப் பக்கம் தனியாக, நெறிமுறைக் குழுவின் பெயரும் அனுமதி எண்ணும் தேதியும், பணம் யார் கொடுத்தது, யாருக்காவது இதில் சொந்த லாபம் உண்டா என்ற அறிவிப்பு, இவ்வளவும் கேட்பார்கள். கையுறைக் கம்பெனி பணம் கொடுத்திருந்தால் அதை எழுதுவது வெட்கமில்லை, மறைப்பதுதான் தப்பு. பிறகு காத்திருக்க வேண்டும். மாதக்கணக்கில் ஆகும். மதிப்பாய்வாளர்கள் கேள்வி கேட்டால் கோபப்படாமல் ஒவ்வொன்றாகப் பதில் எழுதுங்கள். அவர்கள் சொன்னது தவறென்றால் ஆதாரத்தோடு மரியாதையாகச் சொல்லலாம், அதற்கும் இடம் உண்டு.

தம்பிக்கு என்ன சொன்னேன் என்று கேட்பீர்கள். அந்த 60 பேரின் தகவலை ஒதுக்கி வை, நடந்ததை உள்ளபடி குழுவிடம் சொல், புதிதாக ஆரம்பி என்றேன். முகம் சுண்டிப்போனது. இரண்டு நாள் போன் இல்லை. அடுத்த வாரம் புதிய தகவல் தாளோடு வந்தார். இந்த முறை தமிழ் நன்றாகவே இருந்தது. எதிர் வீட்டில் ஓர் அக்கா முன்பு கல் பட்டறையில் வேலை பார்த்தவர். அவரைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு அவர் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "இதுல சேந்தா கை சரியாயிருமா தம்பி?"

தாளில் அதற்குப் பதில் இல்லை. தம்பி என்னைப் பார்த்தார். நான் பேனாவை நீட்டினேன். இந்த ஆய்வில் மருந்து எதுவும் தர மாட்டோம், கையில் நோய் இருந்தால் எந்த ஆஸ்பத்திரியில் என்றைக்கு யாரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்புவோம் என்று, முதல் பத்தியிலேயே, அந்த அக்கா சொன்னபடி இரண்டு தடவை திருத்தி எழுதினார்.